முற்றிய கணையப் புற்றுநோயில் கீமோ: முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பும் பிறகும்

"எத்தனை கீமோ போட்டா சரியாகும், டாக்டர்?"

புற்றுநோய்ப் பிரிவுக்கு முதல் நாள் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் உட்காருகின்றன. வேறு சில புற்றுநோய்களில் மருத்துவர் ஆறு என்றோ எட்டு என்றோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவிவிட்ட கணையப் புற்றுநோயில் அப்படி ஓர் எண் கிடையாது. அங்கே கீமோ கொடுப்பது நோயை வேரோடு எடுப்பதற்காக அல்ல. கட்டியின் வேகத்தை அடக்கவும், வலியைக் குறைக்கவும், இன்னும் சில மாதங்களை, சிலருக்கு ஓராண்டுக்கு மேலேயும், வாழத் தருவதற்காகத்தான். கீமோவின் நோக்கம் என்ன என்பதை முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பின்னால் எடுக்கவேண்டிய எல்லா முடிவுகளும் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன.

முற்றிய நோய் என்று சொல்வதிலும் இரண்டு வகை உண்டு. கட்டி வேறு உறுப்புக்குப் பரவாமல், பக்கத்து ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருப்பது ஒன்று. இவர்களில் சிலருக்குச் சில மாதக் கீமோவில் கட்டி சுருங்கி, அறுவை சிகிச்சைக்கு வழி பிறப்பதுண்டு. தூரத்து உறுப்புகளுக்குப் பரவியது இன்னொன்று. மக்கள் நாலாம் ஸ்டேஜ் என்று சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டு நோயாளி இவற்றில் எந்த வகை என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

பயாப்ஸி அறிக்கையையும் ஒருமுறை கவனமாகப் பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2003இல் நோய் கண்டுபிடிக்கப்பட்டு 2011 வரை வாழ்ந்தார் என்று உறவினர் யாராவது ஆறுதல் சொல்வார்கள். அவருக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி. கணையத்தில் வருவதுதான் என்றாலும் குணத்தில் வேறு, மருந்தும் வேறு. இந்த அத்தியாயம் பேசுவது அடினோகார்சினோமா என்னும் வகையைப் பற்றி. கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது இதுதான்.

மருந்துகள் வந்த வழி

1990களின் நடுப்பகுதி வரை இந்த நோய்க்கு 5-எஃப்யூ என்ற பழைய மருந்தைத் தவிர பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில் 126 நோயாளிகளில் பாதிப் பேருக்கு 5-எஃப்யூவும் மீதிப் பேருக்கு ஜெம்சைட்டபினும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி ஆயுள் 4.4 மாதத்திலிருந்து 5.6 மாதமானது. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் அந்த ஆய்வாளர்கள் வேறொன்றையும் அளந்தார்கள்: வலி குறைந்ததா, வலி மாத்திரை குறைந்ததா, எடை ஏறியதா, எழுந்து நடமாட முடிந்ததா? ஜெம்சைட்டபின் பெற்றவர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கு இதில் முன்னேற்றம் தெரிந்தது. 5-எஃப்யூ பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான். இந்த நோயில் கீமோ என்பது ஆயுளை நீட்டுவது மட்டுமல்ல, இருக்கிற நாளைச் சற்று இலகுவாக்குவதும்தான் என்பதற்கு அது முக்கியமான ஆதாரம்.

அடுத்த பெரிய நகர்வு பிரான்சிலிருந்து வந்தது. நான்சி நகரத்து மருத்துவர் தியரி கான்ராய் தலைமையில் 342 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. 5-எஃப்யூ, லியூக்கோவோரின், இரினோடெக்கான், ஆக்ஸாலிபிளாட்டின் என்று நான்கைச் சேர்த்துக் கொடுக்கும் முறை. அதன் பெயர் ஃபோல்ஃபிரினாக்ஸ். ஜெம்சைட்டபின் மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 6.8 மாதம், நான்கும் பெற்றவர்களுக்கு 11.1 மாதம். 2013இல் ஜெம்சைட்டபினோடு நாப்-பாக்ளிடாக்ஸெல் சேர்த்து 861 பேரிடம் செய்த ஆய்வில் 6.7 மாதம் 8.5 மாதமானது. 2023இல் நாலிரிஃபாக்ஸ் என்ற இன்னொரு கூட்டு 11.1 மாதம் என்று காட்டியது.

இந்த எண்களைப் படித்ததும், "அப்போ ஃபோல்ஃபிரினாக்ஸ்தானே பெஸ்ட்? அதையே போடுங்க" என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பது சரியல்ல. அந்தப் பிரெஞ்சு ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதைத் தாண்டாதவர்கள், தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டு நடமாடியவர்கள், மஞ்சள் காமாலை ஏறாதவர்கள். தனித்தனி ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி சொல்லவும் முடியாது. ஜப்பானில் இவற்றில் இரண்டு முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டு 2023இல் சொன்ன முடிவில், ஜெம்சைட்டபின், நாப்-பாக்ளிடாக்ஸெல் ஜோடி பெற்றவர்கள் சராசரியாக 17.1 மாதமும், சற்று அளவு குறைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவர்கள் 14 மாதமும் வாழ்ந்தார்கள். மருந்துப் பட்டியலில் எண்ணிக்கை கூடினால் பலனும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. நோயாளியின் உடல் எதைத் தாங்கும் என்பதே முதல் கேள்வி.

அதைக் கணிக்க மருத்துவர்கள் 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் வழக்கம்போல எல்லா வேலையும் செய்பவர். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், பகலில் பாதி நேரத்துக்கு மேல் எழுந்து நடமாடுவார், ஆனால் வேலைக்குப் போக முடியாது. 4 என்றால் முழுக்கப் படுக்கை. வீட்டார் இங்கேதான் மருத்துவருக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஓ.பி. நாளில் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, ஆட்டோவில் கூட்டி வந்து நிமிர்ந்து உட்காரவைத்த மனிதரைப் பார்த்து மருத்துவர் 1 என்று போட்டுவிடக்கூடும். வீட்டில் அவர் நாள் முழுவதும் கட்டிலில்தான் கிடக்கிறார் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தாங்காத உடம்பில் நான்கு மருந்து ஏற்றினால், கிடைக்க வேண்டிய நாட்களும் கைவிட்டுப் போகும்.

தொடங்குவதற்கு முன்

கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வரும். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் இறங்காமல் பெரும்பாலான கீமோக்களைத் தொடங்க முடியாது. வாய்வழியே குழாய் விட்டு நாளத்தில் ஸ்டென்ட் வைத்து, காமாலை இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காத்திருப்பு வீண் நாள் என்று பதற வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்குப் பின்னாளில் எப்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், கண் மீண்டும் மஞ்சளித்தாலும், அது பித்தநாளத்தில் தொற்று ஏறுவதற்கான அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுக்கப்படும். 37க்குள் இருந்தால் இயல்பு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு குடும்பமே தூங்காமல் தவிப்பதுண்டு. காமாலை இருக்கும்போது இது தானாகவே ஏறும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேர் உடலில் இந்தப் பொருளே சுரப்பதில்லை. அவர்களுக்கு எண் எப்போதும் குறைவாகவே காட்டும். ஓர் எண் ஏறியதும் இறங்கியதும் பெரிதல்ல; தொடர்ந்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேனையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் கூடுதலாக வேலை செய்கின்றன. அவற்றுக்குக் கட்டி அடங்கியிருந்தால், பிறகு ஓலாபரிப் என்ற மாத்திரையில் தொடரலாம். 2019இல் வந்த ஆய்வில் நோய் மறுபடி வளராமல் நின்ற காலம் அந்த மாத்திரையால் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமானது, மொத்த ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையால் நோயாளியின் மகளுக்கும் தங்கைக்கும்கூடப் பயன் உண்டு. அதே கோளாறு அவர்களிடம் இருந்தால் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்காணிக்க முடியும்.

செலவைப் பற்றி வெட்கப்படாமல் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. எந்த மருந்து அதில் வரும், எது கைக்காசு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜெம்சைட்டபின் போன்ற மருந்துகளின் ஜெனரிக் வகைகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. விலை கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறும். மருத்துவரிடம் கேட்டால் அவர் நம்பும் குறைந்த விலை மருந்தைச் சொல்வார்.

நாற்பத்தாறு மணி நேரம்

ஃபோல்ஃபிரினாக்ஸில் மற்ற மூன்று மருந்துகளும் மருத்துவமனையில் சில மணி நேரத்தில் ஏறிவிடும். 5-எஃப்யூ மட்டும் 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். இதற்காக மார்பில் தோலுக்கடியில் போர்ட் வைப்பார்கள், அல்லது கைவழியாக பிக் லைன் போடுவார்கள். சில மருத்துவமனைகள் இரண்டு நாள் படுக்கவைத்து ஏற்றும். சில, பம்ப்பை மாட்டி வீட்டுக்கே அனுப்பிவிடும். பால்புட்டி அளவுள்ள தெளிந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் மருந்து நிரம்பிய பலூன் ஒன்று இருக்கும். மின்சாரமும் இல்லை, சத்தமும் இல்லை. பலூன் சுருங்கச் சுருங்க மருந்து உள்ளே போகும். இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம், தூங்கலாம். சில மணி நேரம் கழித்தும் பலூன் துளியும் சுருங்கவில்லை என்றாலோ, மருந்து கசிந்தாலோ வெறுங்கையால் தொடாமல், குழாயின் கிளிப்பை மூடிவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பம்ப் மாட்டியிருக்கும்போதும், அதன்பின் இரண்டு நாளும் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து இருக்கும். கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்; சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும்; வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடக்கூடாது.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய நாளிலிருந்து சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலே விரல்களில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று இழுக்கும். ஜில்லென்று ஒரு வாய் மோர் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் இறங்கும். வெயிலில் களைத்து வந்தவருக்கு அன்போடு ஐஸ் போட்ட ஜூஸை நீட்டுகிற உறவினருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பல சுற்றுகளுக்குப் பிறகு விரல் நுனியிலும் பாதத்திலும் மரமரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். நாப்-பாக்ளிடாக்ஸெலும் இதைச் செய்யும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பார். அளவைக் குறைத்தால் நோய் ஏறிவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதால் நடக்கும் திறனையும் இழக்க நேரிடலாம்.

இரினோடெக்கானுக்கு வயிற்றுப்போக்கு வரும். லோபரமைட் மாத்திரையை எப்போது, எத்தனை என்று முன்பே எழுதி வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ஒரு நாளுக்கு மேல் நிற்காவிட்டாலோ, தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காய்ச்சல். கீமோ ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும். "கவுன்ட் இறங்கியிருக்கு" என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் ஒரே இரவில் உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதும், தெருமுனை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் கூடவே கூடாது. மருத்துவமனை வெகுதூரம் என்றால், பக்கத்து ஊரில் ரத்தப் பரிசோதனையும் ஊசி ஆன்டிபயாடிக்கும் உள்ள ஒரு மருத்துவமனையை முன்பே பேசிவைத்து, அங்கே காட்ட மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்திருங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அதுவும் அவசரம்தான். ரத்தம் உறைந்து குழாயை அடைப்பது கணையப் புற்றுநோயில் மற்றப் புற்றுநோய்களைவிட அதிகம்.

சாப்பாடும் வலியும்

கணையம் கெட்டால் கொழுப்பைச் செரிக்கும் நொதி குடலுக்குப் போவதில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், நாற்றம் எடுக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது. என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல் எடை இறங்கும். பல வீடுகளில் இதை "கீமோவால மெலிஞ்சுட்டாரு" என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பேன்க்ரியாட்டின் காப்ஸ்யூல் கொடுத்தால் பலருக்கு இது மாறுகிறது. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு பாதி, நடுவில் பாதி என்று விழுங்க வேண்டும். வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு முடித்த பிறகோ போட்டால் பயன் குறைவு. மெல்லவோ பொடிக்கவோ கூடாது. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டுத் தருவதே முறை. மருந்தென்று ஏற்றுக்கொள்பவர்கள் நிறையப் பேர் உண்டு, முடிவு நோயாளியுடையது.

பத்தியம் வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும், பால் ஆகாது, முட்டை சூடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கஞ்சியில் கொண்டுபோய் விடுகிறோம். நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாட்டை மருத்துவர் சொல்வார். மற்றபடி முட்டை, மீன், பருப்பு, தயிர், நிலக்கடலை என எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாக ஆறு வேளையாகக் கொடுங்கள். நாக்கில் இரும்புச் சுவை அடிக்கிறது என்பவர்களுக்குப் புளிப்பும் மிளகும் சேர்ந்த ரசம் பல நேரம் இறங்கும். வாயில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம். மூலிகைச் சாறு, லேகியம், மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சில, கீமோ மருந்து உடலில் கரையும் வேகத்தையே மாற்றிவிடும். கவுன்ட் இறங்கிய நேரத்தில் பச்சைச் சாறுகளால் தொற்று வரக்கூடும்.

இந்த நோயின் வலி வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்று அடங்கும். தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியே இரவைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கழிக்கத் தேவையே இல்லை. மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. வலிக்கு அளவோடு எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தைச் சேர்த்தே தொடங்க வேண்டும். மார்ஃபினும் போதாவிட்டால், வயிற்றின் பின்னுள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் முறையும் உண்டு. 'பாலியேட்டிவ் கேர்' என்ற பலகையைப் பார்த்ததும் கைவிட்டுவிட்டார்கள் என்று அழ வேண்டாம். கீமோ தொடங்கும் நாளிலேயே அந்தப் பிரிவுக்கும் போய்ப் பதிந்துகொள்வதுதான் சரி.

தொடர்வதா, நிறுத்துவதா

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2020 ஜூலையில் ஓர் அறிக்கை விட்டார். கல்லீரலில் நோய் பரவியிருக்கிறது, மே மாதம் ஜெம்சைட்டபின் தொடங்கினேன், ஸ்கேனில் கட்டிகள் நன்றாகச் சுருங்கியிருக்கின்றன, வேலையைத் தொடர்கிறேன் என்றார். செப்டம்பர் 18ஆம் தேதி, 87 வயதில் காலமானார். தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக், 2019 மார்ச்சில் தனக்கு நாலாம் ஸ்டேஜ் என்று அறிவித்தார். கீமோவுக்கு இடையே படப்பிடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். இருபது மாதம் கழித்து, 2020 நவம்பரில் மறைந்தார். கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் மூக்கில் குழாயோடு 2019 ஜனவரியில் பட்ஜெட் வாசித்தார், மார்ச்சில் இறந்தார். ஸ்கேன் நன்றாக இருந்தும் நோயின் போக்கு சட்டென மாறலாம் என்பதை இவர்களின் கதைகள் காட்டுகின்றன. மூவருமே தங்கள் நோய் இன்னதென்று தெரிந்துகொண்டு, மிச்சமிருக்கும் நாளில் எதைச் செய்வது என்று தாங்களே தேர்ந்துகொண்டவர்கள்.

நம் வீடுகளில் பல சமயம் இது நடப்பதில்லை. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்று மகன் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுவார். உள்ளே அப்பா, எதிர்ச் சுவரில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாசத்தால் செய்வதுதான். ஆனால் தெரியாதவரால் நிலத்தை யார் பேருக்கு எழுதுவது என்று சொல்ல முடியாது. பேத்தி கல்யாணத்தை முன்னால் வையுங்கள் என்று கேட்க முடியாது. போதும், ஊருக்குப் போகலாம் என்றும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சிக்கணும்னு இருக்குப்பா?" என்று கேட்டு, அவர் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும்.

முதல் மருந்து வேலை செய்யாமல்போனால் இரண்டாவது உண்டு. ஜெம்சைட்டபினுக்குப் பிறகு 5-எஃப்யூவோடு லைப்போசோம் இரினோடெக்கான் சேர்த்துக் கொடுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 மாதமானது. உடம்பில் தெம்பு உள்ளவருக்கு அது பொருளுள்ள லாபம். படுக்கையை விட்டு எழமுடியாதவருக்கு அதே மருந்து, மிஞ்சிய வாரங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கவைக்கும். அந்த நிலையில் மருத்துவர் "நிறுத்திக்கலாம்" என்றால், காசுக்காகவோ அலட்சியத்தாலோ சொல்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். வேண்டுமானால் பதிவுகளை எடுத்துக்கொண்டு அடையாறு, வேலூர், ஜிப்மர் போன்ற வேறோர் இடத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

ஒவ்வொரு ஸ்கேன் முடிவு வரும்போதும் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மருந்து வேலை செய்கிறதா, அதற்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன, நிறுத்தினால் வலிக்கும் மூச்சுக்கும் என்ன ஏற்பாடு? பதிலைக் கேட்டபின் முடிவைச் சித்தப்பாவும் மாமாவும் கூடி எடுத்துவிடாதீர்கள். ஊசி ஏறுவது யார் கையிலோ, அவரிடம் கேளுங்கள்.